கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவை: தொடக்கப் பள்ளிகளில் ஒரு ஓ.டி.யின் அனுபவம்

ஆறு வாரம் அந்தப் பையனுக்குக் களிமண் உருட்டக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள், சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் சின்ன அறையில் அவனை உட்காரவைப்பேன். களிமண் உருட்டுவது, துணிக்கு மாட்டுகிற கிளிப்பை அட்டையில் மாட்டி மாட்டி எடுப்பது, ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் பிழிவது என்று வரிசையாகச் செய்யவைப்பேன். இரண்டாம் வகுப்பு. "கையே வரல மேடம் இவனுக்கு. ஒரு வரி எழுதுறதுக்குள்ள பெல் அடிச்சிருது" என்று சொல்லித்தான் டீச்சர் அவனை என்னிடம் அனுப்பினார். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி.; அன்றாட வேலைகளில் தடைபடுகிற பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உதவுகிறவள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் மிதந்தன. அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. விரலில் வலு இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஏழாவது வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவிடம் பேசிவிட்டு வரலாம் என்று வீட்டுக்கே போனேன். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நிலக்கோட்டை என்றால் பூ மார்க்கெட், அதிலும் மல்லிகை. திண்ணையில் ஈரத்துணி விரித்து அதில் மல்லிகை மொக்கைக் குவித்து வைத்துக்கொண்டு அம்மாவும் அப்பத்தாவும் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் விட்டு எழுந்த பையன் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு, அவனும் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மொக்கு இந்தப் பக்கம், இரண்டு மொக்கு அந்தப் பக்கம். கட்டைவிரலால் காம்பை அழுத்திப் பிடித்தான். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வளையம் போட்டு, உள்ளே விட்டு இழுத்தான். அடுத்த நாலு மொக்கு. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே கட்டினான்.

"இவன் கட்டுனா ஒரு மொக்குகூட நழுவாது டீச்சர்" என்றார் அப்பத்தா.

காம்பை நசுக்காமல், நூலை அறுக்காமல், மொக்கைக் கலைக்காமல் இறுக்கத் தெரிந்த விரல்கள் அவை. ஒரு கை பிடிக்க இன்னொரு கை சுற்ற, இரண்டும் ஒன்றையொன்று கேட்டு வேலை செய்தன. நான் கிளிப்பாலும் களிமண்ணாலும் வரவைக்கப் பார்த்தது எல்லாம் அந்தத் திண்ணையில் ஏற்கெனவே இருந்தது. அவனுடைய விரலில் ஒரு குறையும் இல்லை. ஆறு வாரத்தை நான் வீணாக்கியிருந்தேன். அவனுக்கு அது ஆறு வாரம் வகுப்பில் பின்தங்கிய கணக்கு.

மறுநாள் வகுப்பறையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை நோட்டைப் பார்க்கவில்லை, பென்சில் முனை போகிற வழியைப் பார்த்தேன். கரும்பலகையில் 'பட்டம்' என்று இருந்தது. 'ப'வை மூன்று தனித்தனிக் கோடாகப் போட்டான்: முதலில் அடிக்கோடு, பிறகு இடது, பிறகு வலது. முதல் 'ட'வைக் கீழேயிருந்து மேலே இழுத்தான், அடுத்த 'ட'வை மேலேயிருந்து கீழே. 'ம'வை வலப்பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி வந்தான். தலையைத் தூக்கிப் போர்டைப் பார்ப்பான், குனிந்து ஒரு கோடு, மறுபடி தூக்குவான். அந்த ஒரு சொல்லுக்குப் பதினோரு தடவை தலை தூக்கினான். கையில் பென்சில் இருந்தாலும் அவன் எழுதிக்கொண்டிருக்கவில்லை, வரைந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு எழுத்தும் அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்த்து வரைய வேண்டிய படம். பெல் அடிக்காமல் என்ன செய்யும்?

அது 2022-23 கல்வியாண்டு. இவன் அங்கன்வாடிக்குப் போயிருக்க வேண்டிய காலத்தில் கொரோனாவால் அங்கன்வாடி மூடிக்கிடந்தது. ஒன்றாம் வகுப்பில் பேர் எழுதிய வருடம் நவம்பர் 1 வரை பள்ளியே திறக்கவில்லை. எழுதத் தொடங்குகிற நாளில் பிள்ளையின் கையைப் பிடித்து "இங்க இருந்து ஆரம்பி கண்ணு" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இவனுக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. பிறகு வந்தவர்கள் எல்லாரும், நானும் சேர்த்து, நோட்டில் முடிந்து கிடந்த எழுத்தைத்தான் பார்த்தோம். முடிந்த 'ட'வைப் பார்த்தால் அது எங்கிருந்து தொடங்கியது என்று தெரியாது.

இந்த ஒரு பையனிடமிருந்துதான் என் வேலையே திசை மாறியது. அதற்கு முன் என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆக்குபேஷனல் தெரபி என்கிற பெயரிலேயே பாதிக் குழப்பம். தமிழில் 'தொழில்' என்று தொடங்கித்தான் பெரும்பாலும் மொழிபெயர்க்கிறார்கள். அதைக் கேட்கிற அம்மாக்கள், "ஏழு வயசுப் பிள்ளைக்கு என்னங்க தொழிலு?" என்று கேட்பார்கள். பிள்ளைக்குத் தொழில் விளையாடுவது, சோற்றை அள்ளிச் சாப்பிடுவது, செருப்பு மாட்டுவது, ஒண்ணுக்குப் போவது, எழுதுவது, வரிசையில் தள்ளாமல் நிற்பது. இதில் எது தடைபட்டாலும் அது என் வேலை என்று சொல்வேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் 'எக்சர்சைஸ் மிஸ்'. நம் நாட்டில் இந்தப் படிப்பைக் கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாயில் தொடங்கினார். அன்றிலிருந்து பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்தான் வளர்ந்தது. நானும் பக்கவாதம், கை நரம்பு வெட்டு, தீக்காயம் என்று படித்துவிட்டு வந்தவள். அமெரிக்காவில் மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்காக 1975இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே ஓ.டி.யை ஏற்பாடு செய்து தர வேண்டியதாயிற்று. இங்கே பள்ளிகளுக்கு உதவுகிற அரசின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பிசியோ இருக்கிறார், ஓ.டி. இருப்பது அபூர்வம். நான் ஒரு தொண்டு அமைப்பின் சம்பளத்தில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். முதலில் நாலு பள்ளி, இப்போது பதினாலு. ஒரு பள்ளிக்கு மாதம் இரண்டு தடவை போக முடிந்தால் பெரிது. ஒரு பிள்ளையோடு நான் தனியாக இருக்கிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் வருடத்துக்குப் பதினைந்து மணி நேரம் தேறாது. டீச்சருக்கு அது மூன்றே நாள். அதனால் நான் அரிசி மூட்டை அறையில் செய்கிற வித்தை எதுவும் பெரிதாகப் பலன் தராது. அந்தப் பதினைந்து மணி நேரத்தை வைத்து டீச்சருடைய நேரத்தில் என்ன மாற்ற முடியும் என்பதுதான் கேள்வி.

பூக்கட்டும் பையனுக்கு வருகிறேன். அவனை அறைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினேன். டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: காலை வழிபாடு முடிந்ததும் ஐந்து நிமிடம், வகுப்பு முழுவதுக்கும், ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. அவனை மட்டும் தனியே பிரிக்க வேண்டாம் என்றேன். பார்த்தால் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இதே சிக்கல்.

எழுத்துகளை அ, ஆ வரிசையில் எடுக்கவில்லை, கை போகும் வழியை வைத்துப் பிரித்துக்கொண்டோம். கண்ணும் கையும் சேர்வதற்கு ஒரு வளர்ச்சி வரிசை உண்டு. பிள்ளைகளுக்கு முதலில் நேர்க்கோடு வரும், பிறகு வட்டம், பிறகு கூட்டல் குறி, சதுரம். சாய்கோடும் முக்கோணமும் அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் ஐந்து வயதை ஒட்டி. அப்படிப் பார்த்தால் 'அ' தமிழில் முதல் எழுத்தே ஒழிய கைக்கு முதல் எழுத்து அல்ல. ஒரு சுழியில் தொடங்கி, வளைந்து, குறுக்கே வந்து, கடைசியில் நேராக இறங்க வேண்டும். 'ட'வுக்கு இறங்கித் திரும்பினால் போதும். அதோடு ஒரு ஏற்றம் சேர்ந்தால் 'ப'. அங்கிருந்து 'ம', 'ய'. சுழியில் தொடங்குகிற 'ன' தனிக் குடும்பம்; அது கைக்குப் பழகின பிறகு இன்னொரு சுழி சேர்த்து 'ண'. டீச்சர் வாயால் வழி சொல்வார், பிள்ளைகள் காற்றில் கை வீசி எழுதிக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள்: "எறங்கு, வலது பக்கம் போ, ஏறு." தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. புள்ளியைத் தொடாமல் பென்சில் நகரக் கூடாது.

அடுத்தது மணல். விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அதில் உடம்புக்குச் செய்தி இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகியதும் அப்படித்தான். மணல் விரலை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு தசைக்கும் மூட்டுக்கும் போய், 'இந்த வழியாக வந்தோம்' என்று பதியும். சிலேட்டில் பல்பம் உரசுவதும் அதே மாதிரி. வழுவழுப்பான வெள்ளைப் பலகையில் மார்க்கர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. சிலேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்று எல்லாப் பள்ளியிலும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, தமிழுக்கே உரிய சிக்கல். 'கொ' என்று காது கேட்கும்போது முதலில் வருவது 'க்'. கை முதலில் எழுத வேண்டியதோ ஒற்றைக் கொம்பு. பிறகு 'க', பிறகு கால். காது ஒரு வரிசை சொல்கிறது, கை வேறு வரிசையில் போக வேண்டியிருக்கிறது. 'கெகா' என்றோ 'காெ' என்றோ எழுதுகிற பிள்ளையை உடனே கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை காதுக்கு விசுவாசமாக இருக்கிறது, அவ்வளவுதான். கொம்பு வரும் எழுத்துகளைத் தனியாக, மூன்று வண்ணச் சாக்பீஸில், "கொம்பு வை, க போடு, கால் வை" என்று வாயோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பலருக்குப் பிடிபட்டுவிடுகிறது.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது அந்தப் பையன் ஒரு வரியை பெல்லுக்கு முன் முடித்திருந்தான். கையெழுத்து அழகாகிவிடவில்லை. இன்றும் அழகில்லை. ஆனால் 'பட்டம்' என்று எழுத இரண்டே தடவை தலை தூக்கினான். எனக்கு அதுதான் அளவுகோல். எழுத்துப் பயிற்சி இல்லாத வெறும் விரல் பயிற்சி எழுத்தை மாற்றாது. எழுத்துப் பயிற்சியும் இருபது தடவைக்குக் குறைந்தால் பலன் தருவதில்லை. இந்தத் துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

விரல் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிஜமாகவே விரலில் வலுக் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடையில் விற்கிற ஆயிரம் ரூபாய் தெரபி சாமான் தேவையில்லை. பல்லாங்குழியில் ஒரு கை சோழியை அள்ளி, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு நகர்த்திக் குழியில் போடுவதற்கு நிகரான பயிற்சி நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. அஞ்சாங்கல், பட்டாணி உரிப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, கைக்குட்டை பிழிவது, புள்ளிக்கோலம். வீட்டில் இருப்பதைச் செய்யச் சொன்னால்தான் நடக்கும். ஒரு எச்சரிக்கை: பூக்கட்டுவது பயிற்சி என்று நான் சொன்னதாக வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூலிக்கு உட்காரவைத்துவிடக் கூடாது. அதை நான் வாய்விட்டே சொல்லிவிடுவேன்.

பென்சில் பிடியைப் பற்றி டீச்சர்களுக்கு இருக்கிற கவலை, என் பார்வையில், தேவைக்கு மேல். மூன்று விரல் பிடிதான் சரி என்று நினைக்கிறார்கள். நாலு விரலால் பிடித்தும், கட்டைவிரலைக் குறுக்கே போட்டும் வேகமாக, தெளிவாக எழுதுகிற பிள்ளைகள் நிறைய. கை வலிக்கிறதா, சீக்கிரம் களைக்கிறதா, எழுதியதைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தொந்தரவு இல்லையென்றால் பிடியை விட்டுவிடலாம். தொடங்குகிற வயதில் நல்ல பிடி வர வேண்டுமென்றால் முழுப் பென்சிலைக் கொடுக்காமல் ஒரு இஞ்சுப் பல்பத் துண்டைக் கொடுங்கள். அதை விரல் நுனியால் தவிர வேறு மாதிரி பிடிக்க முடியாது. இடக்கைப் பிள்ளையென்றால் நோட்டை உடம்புக்கு இடப்பக்கம் தள்ளி, மேல்பக்கம் வலப்புறமாகச் சாயும்படி வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வலக்கை, எழுத இடக்கை என்று பழகிக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் ஒரு தொல்லையும் இல்லை.

கையைப் பார்ப்பதற்கும் முன்னால் நான் இப்போது பார்ப்பது பாதத்தை. எந்த வகுப்புக்குப் போனாலும் முதலில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து பெஞ்சுக்கு அடியில் பார்ப்பேன். கால் தரையைத் தொடாமல் தொங்குகிற பிள்ளை, விழாமல் இருப்பதற்கே பாதி பலத்தைச் செலவழிக்கும். நெளியும், முட்டிபோடும், ஒரு காலை மடித்து அதன்மேல் உட்காரும். "ஒரு இடத்துல உக்கார மாட்டான்" என்று புகார் வரும். இரண்டு செங்கலைப் பழைய சாக்கில் சுற்றிக் காலுக்கு அடியில் வைத்தால் அந்தப் புகாரில் கொஞ்சம் குறையும். தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற வகுப்புகளில் வேறு பிரச்சினை: நோட்டு தரையில், பிள்ளையின் முதுகு வில்லாக வளைந்து, இடது கை உடம்பைத் தாங்க முட்டுக்கொடுத்திருக்கும். அப்போது நோட்டைப் பிடிக்கக் கையில்லை, நோட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதச் சாய்வான மேல்பலகை வைத்த குட்டி மேசை வைத்திருந்தார்கள். அந்த வடிவத்தை அளவெடுத்து ஊர் ஆசாரியிடம் பலாமரத் துண்டில் ஆறு செய்து வாங்கினோம். முதுகு நிமிர்ந்தது, கை விடுபட்டது.

இவ்வளவும் எழுத்தைப் பற்றி. பள்ளி ஓ.டி. என்றாலே கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை அதிலிருந்து வெளியே இழுத்தது ஒரு மூன்றாம் வகுப்புப் பாப்பா.

பெருமூளை வாதம். இரண்டு காலும் இறுகியிருக்கும், கை நன்றாக இருக்கும். குதிகால் தரையில் படாமல், முட்டி இரண்டும் உரச நடப்பாள். காலில் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலை மடங்காமல் பிடித்துவைக்கிற பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட். படிப்பில் கெட்டி. மாதத்தில் ஏழெட்டு நாள் லீவு, வயிற்றுவலி என்று. அடிக்கடி நீர்க்கடுப்பு, காய்ச்சல். பிசியோவிடம் ஒழுங்காகப் போய்வந்தாள். எழுதுவதில் குறையில்லை, அதனால் என் பட்டியலிலேயே அவள் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு எல்லாரும் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் கொண்டுவந்த அளவு அப்படியே இருந்தது. சித்திரை வெயில். "தண்ணி குடிக்கலையா கண்ணு?" என்றேன். தலையை ஆட்டினாள். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் மிஸ்."

மறுநாள் அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, மூவரும் கழிவறைக்குப் போனோம். வாசலில் ஒரு படி, அரை அடி உயரம். பிடிக்க ஒன்றுமில்லை. உள்ளே தரையோடு பதித்த இந்தியன் டாய்லெட். ஸ்ப்ளிண்ட் போட்டிருந்தால் கணுக்கால் மடங்காது, குந்த முடியாது. கழற்றினால் குதிகால் தூக்கிக்கொள்ளும், பின்னால் சாய்ந்துவிடுவாள். கழற்றி மாட்ட ஐந்து நிமிடம், இன்டர்வெல் பத்து நிமிடம். ஸ்கர்ட்டுக்குக் கொக்கி. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டால் ஜட்டியை இறக்க ஒரே கைதான் மிச்சம். குழாய் எட்டாது. வாளியில் பெரிய மக்கு, நிரம்பினால் ஒரு கையால் தூக்க முடியாது. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை அந்தப் பிள்ளை அடக்கிக்கொண்டே உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் அது வயிற்றுவலி.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, முக்கால் இஞ்சு ஜி.ஐ. பைப்பில் சுவரில் கைப்பிடி வைத்தோம். உயரத்தை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, அவளையே நிற்கவைத்தும் உட்காரவைத்தும் அளந்தேன். அப்படியும் அவளால் குந்த முடியவில்லை. கைப்பிடியில் தொங்கினாளே தவிரக் குதிகால் இறங்கவில்லை. பிறகு சின்னப் பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் சேர் ஒன்றை வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, டாய்லெட் மேல் வைத்தோம். உட்கார்ந்தால் ஸ்ப்ளிண்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வாசல் படியில் சிமெண்ட் சரிவு. கொக்கியை வெட்டிவிட்டு அம்மா எலாஸ்டிக் தைத்துக் கொடுத்தார். மக்குக்குப் பதில் அரை லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப்பா. இன்டர்வெல்லுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவளை விட்டுவிட டீச்சர் ஒப்புக்கொண்டார். சேர் ஒரு தடவை காணாமல் போனது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரோ உட்காரப் போட்டிருந்தார்கள். நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினோம்.

மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள். அடுத்த வருடம் அவளுடைய லீவு பாதியாகக் குறைந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 வயதிலிருந்து 18 வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி அவர்களுடைய உரிமை என்கிறது. ஒண்ணுக்குப் போக வழியில்லாத பள்ளியில் அந்த உரிமைக்கு என்ன பொருள் இருக்கிறது? இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் சாயங்காலம் பாட்டில்களைப் பார்க்கிறேன். மாற்றுத்திறன் பிள்ளையின் பாட்டில் நிறைந்திருந்தால் மறுநாள் கழிவறைக்குப் போகிறேன்.

டீச்சர்களோடு வேலை செய்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொடுப்பேன், பன்னிரண்டு ஆலோசனை. ஒரு டீச்சர், மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்திருப்பவர், அந்தத் தாளை என் முன்னாலேயே மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, "மேடம், இதுல எதை முதல்ல செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். அதுவும் அவர் ஏற்கெனவே செய்கிற ஒரு வேலைக்குள் போய் உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி நூலில் அன்றைய பக்கம் எதுவோ அதையே எடுத்து, அந்தப் பிள்ளைக்குக் கட்டத்தைப் பெரிதாக்கிப் போட்டுக் கொடுப்பேன். தனியாக ஒரு தாள் கொண்டுபோவதில்லை. போனதும் ஆலோசனை சொல்வதில்லை. முதல் தடவை பேசாமல் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம். தெரபி மொழியில் பேசினால் அவர்கள் தலையாட்டுவார்கள், செய்ய மாட்டார்கள். தப்பு அவர்களுடையது அல்ல.

உதாரணத்துக்கு, காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒரு பள்ளியில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறான் என்று கூப்பிட்டார்கள். அடம், திமிர் என்று எழுதியிருந்தார்கள். நான் போய் வரிசையில் நின்றேன். தகரக் கூரை. அறுபது எவர்சில்வர் தட்டு சிமெண்ட் தரையில் ஒன்றாக இறங்குகிற சத்தம். எனக்கே பல் கூசியது. 'உணர்வு ஒருங்கிணைப்பு' என்றெல்லாம் விளக்கவில்லை. "டீச்சர், ஒரு நிமிஷம் கண்ணை மூடி இந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்க" என்றேன். அவரே அவனை முதல் ஆளாகச் சாப்பாடு வாங்கவைத்து, வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். பொங்கல் கையில் ஒட்டுவதும் அவனுக்குப் பிடிக்காது. ஸ்பூன் கொடுத்தோம். சாப்பிடுகிறான். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருகிற நாள் வரலாம், வராமலும் போகலாம். பசியோடு பாடம் கேட்பதில்லை என்பது இப்போதைக்குப் போதும்.

அம்மாக்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்பங்க சரியாகும்?" முன்பெல்லாம் சுற்றி வளைத்துப் பதில் சொல்வேன். இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அவனுக்குத் தினம் எதுல கஷ்டம் அதிகம், அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறேன். சட்டைப் பட்டன் என்பார், பஸ் படி என்பார். அதிலிருந்து தொடங்குவோம். ஆட்டிசமும் பெருமூளை வாதமும் சரியாகிப் போகிற காய்ச்சல் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் அடுத்த ஊரில் யாரோ 'மூணு மாசத்துல குணம்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் நகையை அடகு வைத்துப் போவார்கள். போயிருக்கிறார்கள்.

பூக்கட்டும் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். அந்தப் பாப்பா ஜூன் மாதம் வேறு ஊரில் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். உயரமாகிவிட்டாள், பழைய சேர் பத்தாது. போன வாரம் அவள் அம்மா போன் செய்தார். புதுப் பள்ளியில் கழிவறைக்கு மூன்று படி, கைப்பிடி கிடையாது, பிள்ளை மறுபடியும் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்றார். அந்தப் பள்ளி என் பதினாலில் இல்லை. தலைமை ஆசிரியரிடம் பேசி வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அளவெடுக்க டேப்பையும், பழைய கைப்பிடியின் அளவு எழுதிவைத்த தாளையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். படிகளுக்குச் சரிவு போட இடம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.